'டி' போட்டுக் கூப்பிட ஆள் வேண்டும்

போன மாதம் ஒரு நாள் காலை ஆறே கால் இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "என்னடி, இருக்கியா செத்துட்டியா? நேத்து ராத்திரி கேட்டதுக்கு ஒரு பதில் இல்ல?" என்றது போன். பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்த பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எட்டு வயது.

"பாட்டி, உங்களைப் போய் யாரு 'டி' போட்டுப் பேசறது?"

அந்தக் கேள்வி அன்று முழுக்கக் கூடவே வந்தது. எண்ணிப் பார்த்தேன். அம்மா 2009இல் போனாள், அக்கா 2017இல். மாமியார் கடைசிவரை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார். கணவர் கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது 'ஏம்மா' ஆகி, இப்போது 'இங்க பாரு'வில் வந்து நிற்கிறது. மகனுக்கு அம்மா, மருமகளுக்கு அத்தை, பேங்கில் மேடம், மருந்துக் கடைப் பையனுக்குப் பெரியம்மா. என்னை 'டி' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது 11 பேர். 11 பேரும் 1977 முதல் 1980 வரை என்னோடு ராணி மேரி கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள்.

அவர்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் யார் வீட்டில் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பட்டப்பெயர் போதும். சஃப்ரானின் என்பவள் முதல் வருஷ பிராக்டிகலில் சிவப்புச் சாயக் குப்பியைத் தட்டி, வெள்ளைத் தாவணி முழுக்கக் கொட்டிக்கொண்டவள். அரளி வாயைத் திறந்தால் விஷம். ஆனால் பூவும் அவள்தான். சிணுங்கி என்பது தொட்டாச்சிணுங்கியின் சுருக்கம், அரை மார்க் குறைந்தாலும் கண் கலங்கிவிடும். மார்கழியிலும் குடையோடு வந்தவள் குடை. நான் 29சி. பெரம்பூரிலிருந்து அந்த பஸ்ஸில் வந்தவள் என்பதைத் தவிர அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி வேறு விசேஷம் இல்லை.

29சி-யில் இறங்கி ராதாகிருஷ்ணன் சாலையில் கிழக்கே நடந்தால் சாலை முடிகிற இடத்தில் எங்கள் கல்லூரி, அதற்கு எதிரே கடல். 1914இல் தொடங்கிய கல்லூரி, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி என்பதெல்லாம் எனக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அப்பா அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அரசாங்க ஃபீஸ் ஒரு காரணம், ஆண்கள் இல்லை என்பது இன்னொரு காரணம். நாங்கள் சேர்ந்த அந்த ஜூன் கடைசியில்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகப் பதவியேற்றார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடற்காற்றுதான் எங்கள் பிராக்டிகல் வகுப்பின் முதல் எதிரி. தண்டை கேரட்டுக்குள் செருகி, பிளேடால் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். பத்து சீவினால் ஒன்று தேறும். அந்த ஒன்றைத் தூரிகை நுனியில் எடுத்து, சாயத்தில் முக்கி, கண்ணாடித் தகட்டில் வைக்கப் போகும்போது ஒரு காற்று வரும். அவ்வளவுதான். "மேடம், என் ஜைலத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது" என்று அரளி ஒருமுறை எழுந்து நின்று சொன்னாள். மேடம் சிரிக்காமல், "அப்படியானால் கடற்கரையில் போய்த் தேடு" என்றார். அரளி நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தது சாயங்காலம், கையில் சுண்டலோடு.

1980இல் கடைசி நாள் ஆட்டோகிராஃப் நோட்டை மாற்றி மாற்றி எழுதினோம். ஒவ்வொருத்தியும் வீட்டு விலாசம் எழுத வேண்டும் என்று அரளி கறாராகச் சொல்லிவிட்டாள். கவிதை எழுதியவர்களைத் திட்டி, அடியில் பின்கோடு போட வைத்தாள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் 28 பேரில் பாதிக்கு மேல் கல்யாணம் ஆகிவிட்டது. பி.எஸ்சி. என்பது பெரும்பாலும் பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிக்கத்தான் பயன்பட்டது. நான் திருச்சி போனேன். ஒருத்தி பிலாய், ஒருத்தி மஸ்கட். முதல் பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகள் வந்தன. இரண்டாவது பொங்கலுக்குக் கைக்குழந்தை. மூன்றாவதில் யாருக்கும் யார் விலாசமும் சரியாகத் தெரியவில்லை.

ஆண்கள் தங்கள் கல்லூரி நண்பர்களைத் தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு 1980இல் என்ன இனிஷியலோ அதுதான் இன்றைக்கும். எங்களுக்குக் கல்யாணத்தன்று அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிட்டது. 'கே' என்று தேடினால் அவள் 'எஸ்' ஆகியிருப்பாள். ஒரே பெயரில் வகுப்பில் மூன்று பேர் இருந்தோம். இனிஷியல்தான் எங்களைப் பிரித்துக் காட்டியது. அதுவும் போய்விட்டால் எதை வைத்துத் தேடுவது?

இருபத்துமூன்று வருஷம் அப்படியே போயிற்று. எங்களைச் சேர்த்து வைத்தது கடைசியில் ஓர் இடிப்புச் செய்தி. 2003 ஏப்ரலில், ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. மாணவிகள் வெளியே போக மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆதரவாகக் கல்லூரிக்குள் போன மு.க. ஸ்டாலின் கைதானார். திருச்சியில் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த வாசலைப் பார்த்தேன். கூடத்தில் யாருமில்லை. எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே அழுதுகொண்டிருந்தேன். அந்த வளாகத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு செங்கல் கூடக் கிடையாது.

மண்டைவெளியில் அரளியும் அதே செய்தியைப் பார்த்திருக்கிறாள். அவள் அழவில்லை. பரணிலிருந்து ஆட்டோகிராஃப் நோட்டை இறக்கி, அதில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் இன்லேண்ட் லெட்டர் போட்டாள். எல்லாம் அப்பா வீட்டு விலாசங்கள். பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. எனக்கான கடிதம் அப்பா எப்போதோ காலி செய்துவிட்ட ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பையன் கையில் சிக்கி, வில்லிவாக்கத்தில் தம்பியிடம் வந்து, மூன்று வாரம் கழித்துத் திருச்சிக்கு வந்தது. உள்ளே நாலே வரி. "காலேஜை இடிக்கப் போறாங்களாம். நீ உயிரோட இருந்தா எழுது. போன் நம்பர் கீழே. எஸ்.டி.டி. காசுக்கு அழாதேடி." எதிர்ப்புக்குப் பின் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி தப்பியது. நாங்கள் ஆறு பேர் கிடைத்தோம்.

மற்றவர்கள் கிடைத்த விதங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிக்கதை. சிணுங்கியைக் கண்டுபிடித்தது ஒரு கல்யாணப் பத்திரிகையில். நாத்தனார் வீட்டு மேசையில் கிடந்த பத்திரிகையை விசிறிக்கொள்ள எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி., ஊர் சோளிங்கர். அழைக்காத கல்யாணத்துக்குப் போய், வரிசையில் நின்று, மேடையில் அவள் முன்னால் போய் நின்றேன். அவள் வாய் "வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க, கண் மட்டும் என்னைத் தேடியது. அப்புறம் மாலையும் கையுமாக அவள் அழுததில் போட்டோகிராபருக்கே ஒன்றும் புரியவில்லை. பிறகு ஃபேஸ்புக் வந்தது. அதில் எங்கள் வயதுப் பெண்கள் யாரும் சொந்த முகத்தைப் போடுவதில்லை: பிள்ளையார், பேத்தி, ரோஜாப்பூ. ஒருத்தி மட்டும் செங்காந்தள் போட்டிருந்தாள். "இது நம்மாளுதான்" என்று சஃப்ரானின் செய்தி அனுப்பினாள். நம்மாள்தான்.

முதல் சந்திப்பு 2004 ஆடியில், கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில். படிக்கிற காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை காசு சேர்த்துப் போன இடம். கார் வைத்திருப்பவர்களுக்கு ஜன்னலில் தட்டை மாட்டிக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கார் ஏது, உள்ளே போய் ஆறு பேர் மூன்று காபியைப் பங்கு போட்டுக் குடிப்போம். 2004இல் ஆளுக்கு ஒரு காபி வாங்கினோம். அரளி பாதியைக் குடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினாள். டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. தாவரவியல் பூங்கா! எங்களுக்காகவே கட்டியது போல என்று சிரித்தோம். சில வருஷம் அங்கேயே கூடினோம். பெயர்ப் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு, "சொல்லு, என்ன குடும்பம்?" என்று ஒருத்தியை ஒருத்தி மடக்குவது. காவலாளி எங்களைச் செடி திருட வந்தவர்கள் என்று நினைத்து ஒருநாள் பின்னாலேயே வந்தார். குடையின் பையில் அன்று இரண்டு கிளை இருந்தது என்பது வேறு விஷயம்.

ஏன் ஆடி என்றால், ஆடியில் முகூர்த்தம் கிடையாது. தையில் கூப்பிட்டால் ஆளுக்கு மூன்று கல்யாணம். மார்கழியில் கோயில், கச்சேரி. சித்திரை, வைகாசியில் பேரப்பிள்ளைகளுக்கு லீவு. ஆடியிலும் செவ்வாய், வெள்ளி ஆகாது, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆகவே ஆடிச் சனிக்கிழமை, அமாவாசை வராத சனிக்கிழமை. பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிய வேண்டும், சிலர் வீட்டில் நாலு மணிக் காபி இன்னும் அவர்கள் கையால்தான். 50 வயதில் நல்ல சாப்பாடு கிடைக்கிற இடமாகத் தேடினோம். 60இல் லிஃப்ட் இருக்கிற இடம். இப்போது வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, சாப்பாடு கடைசி.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதினால் அரளி கனவில் வந்து திட்டுவாள். குரூப்பில் அரசியல் ஃபார்வர்டுகளால் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள், இன்றுவரை. அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டில் இருப்பவள் வரும்போதெல்லாம் 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிப்பாள். 'எங்க ஊர்' என்பது பெரம்பூர் இல்லை. சில பேர் வராததற்குக் காரணம் பட்டுப்புடவை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. அதன் பிறகு பருத்திப் புடவை மட்டும்தான் என்று விதி வைத்தோம்.

என் பங்குக்கு நான் செய்தது இன்னும் மோசம். இரண்டாவது சந்திப்புக்கு ஒருத்தி மதுரையிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தாள். இருபத்தைந்து வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கட்டிப்பிடித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை குழந்தைங்க?" கையை விலக்கிக்கொள்ளாமலே, "கல்யாணமே பண்ணிக்கலையே" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஐயோ, ஏன்?" என்று கேட்டேன். சாப்பிட்டாள், சிரித்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் வரவில்லை. ஏழாவது வருஷம் வந்தபோது மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "அந்த 'ஐயோ' மட்டும் இல்லாம இருந்திருந்தா அடுத்த வருஷமே வந்திருப்பேன்டி."

நாங்கள் கூடினால் பேசுவதில் பாதி சண்டைதான். உதாரணத்துக்குக் கப்பல். 1966 நவம்பர் புயலில் மெரினாவில் தரைதட்டிய ஸ்டமாட்டிஸ் கப்பலை மாடி வராந்தாவிலிருந்து தினமும் பார்த்தோம் என்று குடை சத்தியம் செய்கிறாள். அது நீ சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறாய் என்று சஃப்ரானின். எனக்குத் துருப்பிடித்த ஒரு முனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுவும் குடை சொல்லிச் சொல்லி வந்ததா என்று சந்தேகம்.

அதைவிடப் பெரிய வழக்கு ஊட்டி. மூன்றாம் வருஷம் செடி சேகரிக்கப் போனோம். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து பல்சக்கர ரயில். பூச்சி தின்னும் டிரோசெரா ஈரமான புல்வெளியில் வளரும்; மயிரிழையின் நுனியில் பனித்துளி மாதிரி பசை. அதைப் பறிக்கக் குனிந்தபோது சேற்றில் முழங்கால்வரை போய், ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த ஒற்றைச் செருப்போடு மலை இறங்கிய கூச்சம் எனக்கு இன்றைக்கும் பாதத்தில் இருக்கிறது. ஆனால் குடை சொல்கிறாள், விழுந்தது அவள்தானாம். செருப்பும் அவளுடையதாம். நிறம்கூடச் சொல்கிறாள், மெரூன். என்னுடையதும் மெரூன்தான். எங்கள் இரண்டு பேரில் விழுந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தது அரளி என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. "இழுத்தது யாரைன்னு சொல்லுடி" என்று வருஷாவருஷம் கேட்போம். அவள் காபியை உறிஞ்சிக்கொண்டே, "சாகறதுக்கு முன்னாடி சொல்றேன்" என்பாள்.

சொல்லவில்லை.

2020இல் கூட முடியாமல் ஜூமில் கூடினோம். இங்கே மாலை ஏழு, நியூஜெர்சியில் காலை ஒன்பதரை. பாதிப் பேர் நெற்றி மட்டும் தெரியும். காசு கட்டாத கணக்கு, 40 நிமிஷத்தில் அறுந்துவிடும். "சீக்கிரம் அழுது முடிங்கடி, இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு" என்பாள் அரளி. 2021 மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆக்ஸிஜன் அளவை ஒருநாளைக்கு இரண்டு தடவை குரூப்பில் போட்டாள், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. 94. 92. 91 நாட் அவுட். அதற்குப் பிறகு அவள் மகன் எழுதினான். யாரும் போக முடியவில்லை.

அவள் எண்ணைக் குரூப்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? ஆடி வந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் தேதி போட்டோம். செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தால் குரூப்பில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி. அவள் பெயர், பக்கத்தில் 'வெளியேறினார்'. நாலு மாதம் உபயோகிக்காத கணக்கை வாட்ஸ்ஆப் தானாக அழித்துவிடுமாம், பேரன் பிறகு விளக்கினான். அன்றைக்கு அந்த வரிக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குச் சிணுங்கி மட்டும், "சொல்லாமப் போறா பாருடி" என்று எழுதினாள்.

அந்தச் சிணுங்கிக்கு இப்போது மறதி. சாவி, அடுப்பு என்று ஆரம்பித்து, போன வருஷத்திலிருந்து மகளைத் தங்கை பெயரில் கூப்பிடுகிறாள். போன ஆடியில் சஃப்ரானின் வீட்டில் கூடினோம். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நல்ல பெண். "அம்மா, இவங்க யாரு சொல்லுங்க பாக்கலாம்? கரெக்ட்! வெரி குட்மா!" என்று எல்லாவற்றுக்கும் கைதட்டினாள். சிணுங்கி எங்கள் எல்லோரையும் பார்த்து, "வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள், சஃப்ரானின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

மேசையில் ஒரு தட்டில் நாகலிங்கப் பூ. குடை எங்கேயோ கோயிலில் பொறுக்கி எடுத்து வந்தது. சிணுங்கி அதை எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, தட்டில் வட்டமாக அடுக்கினாள். ஆறு. படம்போல் கவிந்திருந்த மகரந்தக் கொத்தை நிமிர்த்தினாள். மகள், "அம்மா, சாமிக்கு வெச்ச பூ..." என்று கையை நீட்டினாள். நான் வேண்டாம் என்று சைகை செய்தேன்.

"மிர்ட்டேசி" என்றாள் சிணுங்கி.

மகள் கைதட்டப் போனாள். முப்பது வருஷம் தாவரவியல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆன சஃப்ரானினுக்குப் பொறுக்கவில்லை. "என்னடி உளர்றே? மிர்ட்டேசியா? நாவல், கொய்யாவெல்லாம்தான் மிர்ட்டேசி. இது லெகித்திடேசி. தேர்ட் இயர் பாஸ் பண்ணினியா இல்லியா நீ?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அம்மாவிடம் இரண்டு வருஷமாக யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். சிணுங்கி பூவைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பெந்தாம் ஹூக்கர்ல மிர்ட்டேசிதான்டி" என்றாள். "நீ எதை வெச்சுப் படிச்சியோ."

சஃப்ரானின் வாயைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போய் அலமாரியைக் குடைந்தாள். புத்தகம் கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்த பெந்தாமும் ஹூக்கரும் நாகலிங்கத்தின் கூட்டத்தைத் தனிக் குடும்பமாக்காமல் மிர்ட்டேசிக்குள்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 1979இல் படித்ததும் அந்த முறைதான். அதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. சஃப்ரானின் புத்தகத்தை விரித்து முன்னால் வைத்தபோது சிணுங்கி அதைப் பார்க்கக்கூட இல்லை. தட்டிலிருந்த இதழ்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் காபி வந்தது. அவள் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.